பிரிட்ஜ் ஹம்பக்கருக்கு ஏற்ற நெக் பிக்கப்: நீலகிரியின் புதிய கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் எலக்ட்ரிக் கிட்டார் பழகும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வருகிறார்கள். முதல் கிட்டாரைக் கோயம்புத்தூரிலோ இணையத்திலோ வாங்குகிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிக்கத் தொடங்கியதும், டிஸ்டார்ஷனில் (வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஒலியில்) இன்னும் கனமான ஒலி வேண்டும் என்று, தந்திகள் கிட்டார் உடலில் ஊன்றும் பிரிட்ஜின் பக்கத்து ஹம்பக்கரை, அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்பை மட்டும் மாற்றுகிறார்கள். பிக்கப் என்பது தந்தியின் அசைவை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள். மாற்றிய பின் ஸ்விட்சை நெக் (கழுத்து) பக்கம் தள்ளினால் ஒலி மந்தமாகக் குழம்புகிறது, அல்லது சட்டென்று அடங்கிப்போகிறது. இதற்கு இணையாக எந்த நெக் பிக்கப்பை வாங்குவது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

மலையூர்களில் நான்கைந்து பிக்கப்புகளை மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்கும் வசதி கிடையாது. கூரியரில் வரவழைக்க வேண்டும், அல்லது மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போய்வர வேண்டும். பிரித்துப் பொருத்திய பிக்கப்பைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வதும் அரிது. ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்பே கையிலுள்ள கிட்டாரை அளந்தும் கேட்டும் குறித்துவைத்துக்கொள்வது நமக்கு மிகவும் அவசியம். அந்த வேலையைச் செய்யவேண்டிய வரிசையிலேயே இந்தக் கட்டுரை விளக்குகிறது. இதில் என் முடிவான கருத்து ஒன்று உண்டு: நெக் பிக்கப்பின் வலிமை பிரிட்ஜ் பிக்கப்பைவிடக் குறைவாகவும், அதன் தெளிவு கூடுதலாகவும் இருக்க வேண்டும். நீங்கள் மனத்தில் நினைத்திருக்கும் வலிமையைவிட ஒரு படி குறைவானதை வாங்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இரண்டு இடங்களும் ஏன் வேறுவிதமாக ஒலிக்கின்றன

தந்தியை மீட்டியதும் அது பிரிட்ஜின் அருகே மிகச் சிறிதளவே அசைகிறது. நடுப்பகுதியை நோக்கிப் போகப் போக வீச்சு கூடுகிறது. எனவே ஒரே பிக்கப்பை இரண்டு இடங்களிலும் வைத்தால் நெக் பக்கத்தில் சத்தம் கூடுதலாகவும், அடி ஒலி மிகுந்தும் கேட்கும். பிரிட்ஜ் பக்கத்தில் மேல் ஸ்வரக்கூறுகள் மிகுந்து, ஒலி கூர்மையாகவும் மெலிந்தும் இருக்கும். பிக்கப் தயாரிப்பாளர்கள் பிரிட்ஜ் பிக்கப்பில் கூடுதல் சுற்றுகளையும், நெக் பிக்கப்பில் குறைவான சுற்றுகளையும் சுற்றுவது இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யத்தான்.

கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் ஹம்பக்கருக்கு 1955இல் காப்புரிமை கோரினார். காப்புரிமை 1959இல் கிடைத்தது. இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தால், மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். தொடக்ககால ஹம்பக்கர்கள் நெக்குக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சுற்றப்பட்டவை அல்ல. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் மிக வலிமையாகச் செய்யும் பழக்கம் 1970களில் டிமார்ஸியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் போன்ற பிக்கப்புகள் வந்த பிறகு பரவியது. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி பெரிதானதும், இணை சேர்ப்பது என்பதே தனி வேலையாகிவிட்டது.

உங்கள் கிட்டாரில் 22 ஃபிரெட்டுகள் (நெக்கின் மேல் உள்ள உலோகக் கோடுகள்) இருந்தால், நெக் பிக்கப்பின் துருவங்கள் (ஒவ்வொரு தந்திக்கும் கீழே தெரியும் உலோக முனைகள்) ஏறத்தாழ 24ஆம் ஃபிரெட் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே இருக்கும். 24 ஃபிரெட்டுகள் கொண்ட கிட்டாரில் அதே பிக்கப் பிரிட்ஜை நோக்கிச் சற்று நகர்ந்துவிடுவதால் ஒலி சிறிது தெளிவாகும். நண்பரின் கிட்டாரில் நன்றாக ஒலித்த நெக் பிக்கப் உங்களுடையதில் வேறுவிதமாக ஒலிக்க இதுவும் ஒரு காரணம்.

வாங்குவதற்கு முன் திருப்புளி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நெக் பிக்கப் குழம்புகிறது என்று சொல்லப்படும் கிட்டார்களில் பலவற்றில் பிக்கப் தந்திகளுக்கு மிக அருகில் இருப்பதுதான் குறையாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

முதலில் புதிய தந்திகளை மாட்டி, நெக்கின் வளைவையும் தந்தி உயரத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். நம் மலையில் ஈரப்பதம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுகிறது. ஊட்டியின் மேற்குப் பகுதிகளும் கூடலூரும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் ஊறுகின்றன. குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் நனைகின்றன. மரம் ஈரத்தை ஏற்று நெக் அசைந்தால் தந்தியின் உயரம் மாறும். தந்தியின் உயரம் மாறினால் பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள தூரமும் மாறும். கோடையில் சரியாக வைத்த உயரத்தை மழைக்காலத்தில் நம்ப வேண்டாம்.

அடுத்து, தடித்த ஆறாம் தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் துருவத்துக்கும் உள்ள இடைவெளியை அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள ஸ்டீல் ஸ்கேலால் அளக்கவும். முதல் தந்தியிலும் அவ்வாறே செய்யவும். நெக் பிக்கப்புக்கு 2.4 மி.மீ., பிரிட்ஜ் பிக்கப்புக்கு 1.6 மி.மீ. என்பவை தொடங்குவதற்கு ஏற்ற அளவுகள். அங்கிருந்து காதை நம்பி நகர வேண்டும்.

ஆம்பில் பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, டிஸ்டார்ஷன் இல்லாமல், கிட்டாரின் வால்யூம், டோன் குமிழ்களை முழுமையாகத் திறந்து வாசியுங்கள். நெக் பிக்கப்பில் திறந்த ஆறாம் தந்தியை மீட்டிய பிறகு, அதே அழுத்தத்தில் முதல் தந்தியின் 12ஆம் ஃபிரெட்டை மீட்டுங்கள். தடித்த தந்தி அறையை நிரப்பி மெல்லிய தந்தியை விழுங்கினால், பிக்கப்பின் தடித்த தந்திப் பக்கத் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்திப் பிக்கப்பை இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் பிரிட்ஜ் பக்கம் மாற்றி ஒப்பிடுங்கள். ஒலி தெளிந்து, ஆனால் உயிர் குறைந்ததுபோல் தோன்றும் கட்டத்தில், ஹம்பக்கரின் திருகுத் துருவங்களை மட்டும் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை மேலே ஏற்றிப் பாருங்கள். பிக்கப்பின் உடல் தாழ்ந்தும் திருகுகள் உயர்ந்தும் இருக்கும்போது, தந்தியின் தாக்கம் கூர்மையாகவும் அடி ஒலி அடக்கமாகவும் கேட்கும்.

கோத்தகிரியில் தேவாலயக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர், நெக் பிக்கப்பில் மேல் ஃபிரெட்டுகளில் வாசித்தால் சுருதி நடுங்குகிறது என்று கிட்டாரைக் கொண்டுவந்தார். பிக்கப், கடைசி ஃபிரெட்டில் அழுத்தினால் தந்தியை உரசும் அளவுக்கு உயர்ந்திருந்தது. காந்தம் இவ்வளவு அருகில் இருந்தால் தந்தியின் அசைவையே இழுத்துப் பிடிக்கும். ஒரே ஸ்வரத்தில் இரண்டு சுருதிகள் மோதுவதுபோல் கேட்கும். தந்தி அதிகமாக வீசும் நெக் பக்கத்தில் இந்தத் தொல்லை மிகுதி. தடித்த பக்கத்தில் நன்றாக இறக்கி, மெல்லிய பக்கத்தில் சிறிது இறக்கியதும் நடுக்கம் போய்விட்டது; புதிய பிக்கப் வாங்கும் எண்ணத்தை அவர் கைவிட்டுவிட்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, சிறிய அறையின் மூலையில் ஆம்பை வைத்து வாசிப்பது நம் ஊர்களில் வழக்கம். மூலையில் வைத்த ஆம்பின் அடி ஒலி இயல்பைவிடப் பெருகிக் கேட்கும். ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி, சற்று உயரத்தில் வைத்துக் கேட்ட பிறகே பிக்கப்பைக் குறை சொல்லலாம்.

பிரிட்ஜ் பிக்கப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

உயரத்தைச் சரிசெய்தும் குறை தீரவில்லை என்றால், இப்போது இருக்கும் பிரிட்ஜ் ஹம்பக்கர் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர், மாடலின் பெயர் தெரிந்தால் அவர்கள் வெளியிட்ட விவரங்களே போதும். பெயர் தெரியாத பிக்கப்பை ஒரு சாதாரண மல்டிமீட்டரால் அளக்கலாம். கிட்டாரைப் பிரிக்க வேண்டியதில்லை. கேபிளை கிட்டாரில் செருகி, குமிழ்களை முழுமையாகத் திறந்து, ஸ்விட்சைப் பிரிட்ஜ் பக்கம் வைத்து, கேபிளின் மறுமுனையில் உள்ள பின்னின் நுனியிலும் தண்டிலும் மீட்டரின் முனைகளை வைத்து, 20 கிலோ ஓம் அளவில் படியுங்கள். வால்யூம் கட்டுப்பாடு இணையாக இருப்பதால் உண்மை மதிப்பைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும்: 500 கிலோ ஓம் பொட் (குமிழின் அடியில் உள்ள மாறு மின்தடை) உள்ள கிட்டாரில் 8 கிலோ ஓம் பிக்கப் ஏறத்தாழ 7.9 என்று காட்டும்.

குளிரும் இந்த எண்ணை மாற்றும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு மாறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், ஊட்டியின் மார்கழிக் காலையில் 8 டிகிரியில் ஏறத்தாழ 7.5 என்றே காட்டும். பட்டியலில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை என்று பிக்கப்பைச் சந்தேகிக்க வேண்டாம். நண்பகலில் அறை சற்று வெதுவெதுப்பான பிறகு அளந்தால் போதும்.

ஆனால் மின்தடையை ஒலியின் வலிமையாக எண்ணிவிடக் கூடாது. புதியவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான். 42, 43, 44 என்று எண்ணால் குறிக்கப்படும் சுருள் கம்பிகளில் எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது. ஒரே எண்ணிக்கையில் சுற்றினாலும் மெல்லிய கம்பி அதிக மின்தடை காட்டும். காந்தத்தின் வலிமையும் இதில் சேர்ந்துகொள்கிறது. எனவே இந்த எண்ணை, ஒரே வகைக் கம்பியும் ஒரே வகைக் காந்தமும் கொண்ட பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். தயாரிப்பாளர் இண்டக்டன்ஸ் மதிப்பை ஹென்றி அலகில் தந்திருந்தால் அது இன்னும் நம்பகமானது. அது கூடினால் ஒலி பொதுவாகத் தடித்துக் கருமையாகும், குறைந்தால் தெளியும்.

காந்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தங்களில் அல்னிகோ 2 மென்மையாகவும் இனிமையாகவும், அல்னிகோ 5 இறுக்கமான அடி ஒலியுடனும் பளிச்சென்றும் ஒலிக்கும். செராமிக் காந்தம் வலிமையானது. டிஸ்டார்ஷனில் கூர்மை கெடாமல் நிற்கும்.

பிறகு, பிரிட்ஜ், நெக் இரண்டு இடங்களிலும் முதல் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடு வரை உள்ள அகலத்தை அளந்து எழுதுங்கள். ஹம்பக்கர்களின் துருவ அகலம் ஏறத்தாழ 49 மி.மீ., 51 முதல் 52 மி.மீ. என இரண்டு பிரிவுகளாக வருகிறது. நெக் பக்கத்தில் தந்திகள் நெருங்குவதால் பெரும்பாலும் குறைந்த அகலமே பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம்; தந்தி துருவத்தின் விளிம்பையாவது தொட்டபடி சென்றால் ஒலி குறையாது.

எந்தப் பிரிட்ஜுக்கு எந்த நெக்

உங்கள் பிரிட்ஜ் ஹம்பக்கர் பழைய பாணியில், அல்னிகோ காந்தத்துடன் 8 கிலோ ஓம் அளவில் இருந்தால், அதே வரிசையின் நெக் வடிவத்தையே வாங்குங்கள். அது 7 முதல் 7.5 கிலோ ஓம் அளவில் இருக்கும். கிட்டார் இயல்பிலேயே கூர்மையாக ஒலித்தால் அல்னிகோ 2, மந்தமாக ஒலித்தால் அல்னிகோ 5. இங்கே தவறு நேர்வது கடினம்.

நம் இளைஞர்களிடம் அதிகம் காணப்படுவது இரண்டாவது வகை: சீமோர் டங்கனின் ஜே.பி. போன்ற வலிமையான அல்னிகோ 5 பிரிட்ஜ் பிக்கப். மின்தடை 16 கிலோ ஓமுக்கு மேல். இதற்கு இணை தேடுபவர்கள் நெக்கிலும் 14, 15 கிலோ ஓம் உள்ளதை விரும்புகிறார்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலான கிட்டார்களில் நெக்கின் அடி ஒலி வீங்கி, கார்டுகளில் தனித்தனி ஸ்வரங்கள் கேட்காமல் போகும். ஜே.பி.யோடு அதே நிறுவனம் ஒரே பெட்டியில் இணையாக விற்பது ஜாஸ் என்ற நெக் பிக்கப். அதன் மின்தடை 8 கிலோ ஓமுக்கும் குறைவு. 59 என்ற மாடலும் இதற்கு இணையாகப் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. எண்களில் இரண்டு மடங்கு வேறுபாடு இருந்தும், ஸ்விட்சை மாற்றும்போது ஒலியளவு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. தந்தியின் வீச்சு நெக் பக்கத்தில் அதிகம் என்பதும், ஜே.பி.யின் மின்தடையில் ஒரு பங்கு மெல்லிய கம்பியால் வருவது என்பதும் இதற்குக் காரணங்கள். ஜாஸ் தெளிவும் இறுக்கமும் கொண்டது. 59 சற்று நிறைந்து ஒலிப்பது. மஹோகனி உடலும் ஒட்டப்பட்ட நெக்கும் கொண்ட கனமான கிட்டாருக்கு நான் ஜாஸையும், திருகால் பொருத்திய நெக் கொண்ட பளிச்சென்ற கிட்டாருக்கு 59ஐயும் பரிந்துரைப்பேன்.

செராமிக் காந்தம் கொண்ட பிரிட்ஜ் பிக்கப்புக்கு நெக்கிலும் செராமிக் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனி வாசிப்பை நெக் பக்கத்தில் அதிகமாக வாசிப்பவர்கள், டிமார்ஸியோவின் பி.ஏ.எஃப். ப்ரோ போன்ற நடுத்தர வலிமையுள்ள பிக்கப்பைப் பரிசீலிக்கலாம். அதே நிறுவனத்தின் ஏர் நார்ட்டன், காந்த இழுவை குறையும்படி உள்ளே சிறு இடைவெளி விட்டு அமைக்கப்பட்டது. வலிமை வேண்டும், ஆனால் சுருதி நடுங்கக் கூடாது என்பவர்களுக்கு அது ஏற்றது.

பிரிட்ஜில் இ.எம்.ஜி. 81 போல 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் இருந்தால், நெக்கிலும் ஆக்டிவ் பிக்கப்பையே வைக்கவும். 85 அல்லது 60 வழக்கமான இணைகள். ஆக்டிவ் பிக்கப்புக்கான 25 கிலோ ஓம் பொட்டில் சாதாரண பிக்கப்பை இணைத்தால் அதன் மேல் ஒலி முழுவதும் செத்துவிடும்.

யமஹா பசிஃபிகா 112 போல பிரிட்ஜில் ஹம்பக்கரும், நெக்கிலும் நடுவிலும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளும் உள்ள கிட்டார்கள் இங்கு நிறைய உண்டு. இவற்றில் வலிமையான பிரிட்ஜ் ஹம்பக்கரைப் பொருத்தினால் நெக் அடங்கிப்போகும். பிரிட்ஜ் பிக்கப்பைச் சற்று இறக்குவது முதல் தீர்வு. அதுவும் போதாது என்றால், ஒற்றைச் சுருள் அளவிலேயே செய்யப்பட்ட ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன. உடலைச் செதுக்காமல் பொருத்தலாம். ஆனால் ஒற்றைச் சுருளுக்கே உரிய கண்ணாடி போன்ற தெளிவு அதில் இருக்காது. க்ளீன் ஒலியில் விரல்களால் வாசிப்பவர்கள் அந்தத் தெளிவை இழக்காமல், சுற்றுகள் சற்றுக் கூடிய ஒற்றைச் சுருளையே தேர்ந்தெடுப்பது நல்லது.

மாறாக, ஹம்பக்கர் குழியில் பொருந்தும் அளவில் செய்யப்பட்ட பி-90 வகை ஒற்றைச் சுருள் பிக்கப்பும் கிடைக்கிறது. வலிமையான பிரிட்ஜ் ஹம்பக்கரோடு நெக்கில் பி-90 மிக அழகாக ஒலிக்கும். ஆனால் அது இரைச்சலை அடக்காது. எர்த் சரியில்லாத பழைய கட்டடங்களில் வாசிப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நடு நிலையில் கேட்பது

இரண்டு பிக்கப்புகளும் சேர்ந்து ஒலிக்கும் நிலையைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. இரண்டும் இணையாகச் சேரும்போது, மின்தடுப்பு (இம்பீடன்ஸ்) குறைந்த பிக்கப்பின் குரலே முன்னால் நிற்கும். வலிமையான பிரிட்ஜும் மிதமான நெக்கும் சேர்ந்தால் நெக்கின் குணம் மேலோங்கி, ரிதம் வாசிக்க ஏற்ற, திறந்த ஒலி கிடைக்கும். பாடகருக்குப் பின்னால் வாசிப்பவர்களுக்கு இதுவே அதிகம் பயன்படும் நிலை. மிதமான நெக் பிக்கப்பை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு இரண்டு பிக்கப்புகளும் ஒரே ஃபேஸில், அதாவது இரண்டின் சைகைகளும் ஒரே திசையில் ஏறி இறங்கும்படி, இருக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் பிக்கப்புகளைச் சேர்க்கும்போது இது தானாக அமையாது. சால்டர் செய்வதற்கு முன்பே சோதித்துவிடலாம். புதிய பிக்கப்பின் சூடான முனையில் (ஒலிச் சைகை வெளியேறும் கம்பியில்) மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும், எர்த் முனையில் கறுப்பு முனையையும் இணைத்து, 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். திருப்புளியின் தட்டையான இரும்பை இரண்டு வரிசைத் துருவங்களின் மீதும் படும்படி வைத்து, வெடுக்கென்று மேலே எடுங்கள். எடுக்கும் கணத்தில் திரையில் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். பழைய பிரிட்ஜ் பிக்கப்பிலும் அதே முறையில் செய்யுங்கள். இரண்டிலும் எண் ஒரே திசையில் நகர்ந்தால் இணைப்பு சரி. வெவ்வேறு திசையில் நகர்ந்தால், ஏதேனும் ஒரு பிக்கப்பின் சூடான முனையையும் எர்த் முனையையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் நடு நிலையில் ஒலி மூக்கால் பாடுவதுபோல் மெலிந்து, அடி ஒலியே இல்லாமல் போகும்.

இடம் மாற்றுவது நான்கு கம்பிகளும் ஒரு வெற்றுக் கம்பியும் கொண்ட பிக்கப்பில் எளிது. பின்னல் உறையுள் ஒரே கம்பி கொண்ட பழைய பாணிப் பிக்கப்பில் அப்படிச் செய்தால் உலோக மூடியே சூடான முனையாகி இரைச்சல் கூடும். ஆகவே புதியவர்கள் நான்கு கம்பி உள்ள பிக்கப்பையே கேட்டு வாங்க வேண்டும். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: நெக் ஒலி மந்தமாகத் தோன்றினால், இரண்டு சுருள்களையும் தொடராக இணைப்பதற்குப் பதில் இணையாக இணைத்துப் பார்க்கலாம். ஒலியளவு குறையும், தெளிவு கூடும், இரைச்சல் அடங்கியே இருக்கும்.

கம்பிகளின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு சூடான முனை. சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக இணைய வேண்டும். பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த்துக்குப் போகும். டிமார்ஸியோவில் சிவப்பு சூடான முனை. கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக இணையும். பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த்துக்கு. மற்ற நிறுவனங்களுக்குப் பெட்டியில் வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருத்துதல்

ஹம்பக்கர்களுக்கு 500 கிலோ ஓம் பொட்டுகளும், டோனுக்கு 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் வழக்கம். கிட்டாரைத் திறந்ததும் பொட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 250 கிலோ ஓம் பொட் இருந்தால் ஹம்பக்கரின் மேல் ஒலி மழுங்கும். நெக் மந்தமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பொட்டை மாற்றும் செலவு பிக்கப்பின் விலையில் மிகச் சிறு பங்கே.

பழைய இணைப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்த பிறகே கம்பிகளைக் கழற்றுங்கள். பொட்டின் முதுகில் சால்டர் செய்ய 40 வாட் சால்டரிங் அயர்ன் தேவை. குளிர்ந்த அறையில், மாலை நேர மின்னழுத்தக் குறைவில், 25 வாட் அயர்ன் அந்த உலோகத்தைச் சூடாக்கத் திணறும். ஈயம் உருண்டையாக மேலே ஒட்டிக்கொண்டு, சில நாளில் கழன்றுவிடும். மழைக்காலத்தில் பொட்டின் உலோகமும் ஜாக்கும் மங்கிப் படலம் கட்டியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய பின் ஈயம் வைத்தால் உடனே பரவும்.

முடித்ததும், உறை மூடுவதற்கு முன் ஆம்பில் இணைத்துத் தந்திகளைத் தொட்டுப் பாருங்கள். தொட்டால் இரைச்சல் குறைவது இயல்பு. கூடினால் சூடான முனையும் எர்த்தும் எங்கோ இடம் மாறியிருக்கின்றன.

கடைசியாகக் கேட்டுச் சரிபார்த்தல்

உயரத்தை மீண்டும் 2.4, 1.6 மி.மீ. அளவுகளிலிருந்து தொடங்கிச் சரிசெய்யுங்கள். பிறகு நெக் பக்கத்தில் டிஸ்டார்ஷன் இல்லாமல் ஜி மேஜர் கார்டை ஒவ்வொரு தந்தியாக மீட்டி, ஆறு ஸ்வரங்களும் தனித்துக் கேட்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து டிஸ்டார்ஷனில், இரண்டாம், மூன்றாம் தந்திகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு மூன்றாம் தந்தியை மட்டும் வளைத்து வாசியுங்கள். நல்ல நெக் பிக்கப்பில் இரு ஸ்வரங்களும் நெருங்குவது தெளிவாகக் கேட்கும், குழம்பிய பிக்கப்பில் ஒரு கொரகொரப்பு மட்டுமே கேட்கும். இதன்பின் வால்யூமை 7க்குக் குறைத்து அதையே வாசியுங்கள். கடைசியாக, ஒரு வரியைப் பாதி பிரிட்ஜிலும் பாதி நெக்கிலும் நிறுத்தாமல் வாசித்து, ஸ்விட்ச் மாறும் இடத்தில் ஒலியளவு துள்ளுகிறதா என்று கவனியுங்கள். நெக் இம்மியளவு அடங்கிக் கேட்டால் பரவாயில்லை. முந்திக்கொண்டு கேட்டால் இன்னும் அரைச் சுற்று இறக்குங்கள்.

இந்தச் சோதனைகளை வீட்டில் ஒரு முறையும், குழுவோடு வாசிக்கும் இடத்தில் ஒரு முறையும் செய்ய வேண்டும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேரும்போது தனியாகக் கேட்டதைவிட அடி ஒலி குறைவாகவே தேவைப்படும். முடிவான உயரங்களை மில்லிமீட்டரில் தேதியோடு எழுதி கிட்டார் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பருவம் மாறித் தந்தி உயரம் மாறும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும். கழற்றிய பழைய பிக்கப்பின் கம்பியை நறுக்காமல், முழு நீளத்தோடு, ஈரம் புகாத பையில் போட்டு எடுத்துவையுங்கள்.